பன்னிரண்டாவது பஞ்சமம்

கோபம் ஆறட்டும், அப்புறம் எழுதலாம் என்று ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன். ஆறவில்லை. "உங்களுக்கு அவா கோயில்ல என்ன காரியம்? அவா சபை, அவா சண்டை" என்கிறாள் என் வீட்டுக்காரி. சண்டை அந்தக் கிறிஸ்தவ சபையாருடையதுதான். ஆனால் அவர்கள் கோயில் ஆர்கனைச் சரிசெய்ய ஆர்டர் பிடித்தது நான். அதனால் எனக்கும் இதில் பங்கு உண்டு.

என் பெயர் சேஷன். பிறந்தது, வளர்ந்தது, இன்னும் கிடப்பது எல்லாம் ஸ்ரீவராகத்தில். சாலைக் கடைத்தெருவில் வாத்தியக் கடை வைத்திருக்கிறேன். ரிப்பேருக்கு வரும் ஆர்மோனியம், சுருதிப் பெட்டி, ஆர்கன் எல்லாம் அமரவிளையில் இருக்கும் நேசமணி வீட்டுக்குப் போகும். வித்துரா எஸ்டேட் கோயில் பெட்டியும் அங்கேதான், எங்கள் தெரு பஜனை மடத்துப் பெட்டியும் அங்கேதான். நேசமணி கை பட்டால் சுருதி நிற்கும் என்று ஊரெல்லாம் பேச்சு. அது பொய். அந்தப் பொய்யைப் பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் நானும் ஒருவன். துருத்தி ஒட்டுவதும் மரவேலையும் நேசமணி. சுருதி சேர்ப்பது அவர் மகள் அனுஷா. அனுஷாவுக்குக் காது கேட்காது.

இரண்டு வயதில் மூளைக்காய்ச்சல் வந்து போன காது. பேச்சும் கூடவே போயிற்று. இப்போது இருபத்துநாலு வயது, கணக்கில் பட்டம் வாங்கியிருக்கிறாள். எப்படிச் சுருதி சேர்க்கிறாள் என்று முதலில் பார்த்தபோது எனக்கே நம்பிக்கை வரவில்லை. ஒரு பலாமரத் துண்டின் ஒரு நுனியைப் பல்லால் கடித்துக்கொள்வாள். மறு நுனி ரீடு பலகையில் ஊன்றியிருக்கும். இரண்டு ரீடு சேர்ந்து ஊதும்போது சுருதி சேரவில்லையென்றால் சத்தம் துடிக்கும். அந்தத் துடிப்பு மரத்தில் ஏறிப் பல்லுக்கு வரும், பல்லிலிருந்து தாடை எலும்புக்கு வரும். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணுவாள். நிமிஷத்துக்கு இத்தனை துடிப்பு என்று நோட்டில் கணக்கு போட்டு வைத்திருப்பாள். ரீடின் நுனியில் அரத்தால் ஒரு தேய்ப்பு, அடியில் ஒரு தேய்ப்பு, மறுபடி கடிப்பு, மறுபடி எண்ணிக்கை. காது உள்ளவன் சுமாராக நிறுத்துகிற இடத்தில் அவள் நிறுத்த மாட்டாள்.

இந்தப் பெண்ணுக்கு அவர்கள் சபையில் திடப்படுத்தல் கொடுக்கவில்லை. பதினைந்து வயதில் எல்லாப் பிள்ளைகளுக்கும் நடக்கிற சடங்கு அது. பேராயர் வந்து தலையில் கை வைப்பார். அதற்குப் பிறகுதான் திருவிருந்துப் பந்தியில் அப்பமும் திராட்சை ரசமும் கிடைக்கும். அதற்கு முன்னால் விசுவாசத்தை வாயால் அறிக்கையிட வேண்டும். வாய் இல்லாதவள் எப்படி அறிக்கையிடுவாள்? வந்த போதகரெல்லாம் "அடுத்த கொல்லம் பார்ப்போம்" என்று தள்ளினார்கள். ஒன்பது வருஷம் தள்ளியாயிற்று. ஞாயிறுதோறும் தாய் சுசீலாபாய் எழுந்து பந்திக்குப் போவாள், மகள் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருப்பாள். பக்கத்து வீட்டுப் பொடிசுகளெல்லாம் அவளைத் தாண்டிப் போய் அப்பம் வாங்கி வந்தன.

இந்த வருஷம் புதிதாக வந்த போதகர் செல்வின், படித்தவர். பெங்களூரில் வேதசாஸ்திரம், அதற்குமுன் இஞ்சினியரிங். மூன்று வாரமாக 'எண்ணும் இசையும் இறைவனும்' என்று பிரசங்கம் செய்துகொண்டிருந்தார், சுவரில் படம் காட்டி. அவர்தான் என் கடைக்கு வந்து கோயில் ஆர்கனைச் சரிசெய்யச் சொன்னார். காலால் மிதிக்கிற பழைய ஆர்கன். துலாம் மாதக் கடைசி ஞாயிறு பேராயர் வருகிறார், அதற்குள் வேண்டும் என்றார். குட்டியானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி நேசமணி வீட்டுக்கு அனுப்பினோம்.

நான் போன அன்று மத்தியானமே இடி முழங்க ஆரம்பித்துவிட்டது. நேசமணி வீட்டுக்குப் பின்னால் ஷீட் போட்ட ஒரு சாய்ப்பு, அதுதான் பட்டறை. ஆர்கனைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். உள்ளே கரப்பான் முட்டையும் எலிப் புழுக்கையும் குவியல். துருத்தித் தோல் ஈரத்தில் ஊறிப் பப்படம் மாதிரி விட்டுப்போயிருந்தது. நேசமணி வஜ்ஜிரப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். அந்த நாற்றத்துக்கு நடுவிலேயே சுசீலாபாய் எனக்கு அவித்த மரச்சீனிக் கிழங்கும் உள்ளி மிளகுச் சம்மந்தித் துவையலும் கட்டன் சாயாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"மீனுக்க சட்டி தனியாக்கும் சாமி. பேடிக்காம தின்னுங்கோ."

"நான் எப்ப பயந்தேன்? என் ஆத்துக்காரிதான் பேடிப்பா."

"அவிய கேட்டா இல்லேன்னு பறஞ்சிருங்கோ" என்று சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு நல்ல மனநிலை. "சாமி, இந்தப் புது போதகரச்சன் திடப்படுத்தல் லிஸ்டுல இவ பேரு எழுதியாச்சு, கேட்டியளா? அவ எழுதிக் காட்டினா போதும்னு சம்மதிச்சாரு. கசவு கரை வச்ச வெள்ளச் சேலயும் எடுத்தாச்சு. ஒம்பது கொல்லம் சாமி. ஒம்பது கொல்லமா அவள அந்த பெஞ்சில விட்டுட்டு நான் ஒற்றைக்குப் போயி அப்பம் தின்னேன். தொண்டையில எறங்காது."

மழை கொட்ட ஆரம்பித்தபோது போதகர் வந்தார். குடையை மடக்கி மூலையில் சாத்தினார். அனுஷா மரத்துண்டைக் கடித்தபடி எண்ணிக்கொண்டிருந்தாள். அவருக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது.

"இவளா சுருதி போடுது? நேசமணி அண்ணன் இல்லியா?"

நேசமணி எழுந்து கையைத் துடைத்தார். "நான் கூட இருப்பேன் அச்சா. எல்லாம் நான் பாத்துக்கிடுவேன்."

"ஆட்டே. நான் ஒரு காரியம் பறையணும்னு வந்தேன்." போதகர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "இப்பம் உள்ள கீபோர்டு எல்லாம் காம்ப்ரமைஸ் டியூனிங். அறியாமா? ஒரு பஞ்சமம்கூட சுத்தமில்ல. எல்லாத்திலயும் கொஞ்சம் கள்ளம். தெய்வம் தந்த பஞ்சமம் மூணுக்கு ரெண்டு. மூணு திரித்துவம். ரெண்டு கிறிஸ்துவுக்க தெய்வ சுபாவமும் மனுச சுபாவமும். பழைய கிரேக்க ஞானிகளே கண்டுபிடிச்சது, எல்லாம் எண்ணுன்னு. ஞாயிறாழ்ச்ச என் பிரசங்கத்துல அத அந்த ஆர்கன்ல வாசிச்சுக் காட்டணும். அதுனால ஸி கட்டையில தொடங்கி, ஒவ்வொரு பஞ்சமமா, பியூரா வைக்கணும். ஒரு துளி கள்ளம் இருக்கப்பிடாது."

எனக்கு அவர் சொன்ன எண்ணெல்லாம் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். ஆர்மோனியக்காரர்கள் யாரும் அப்படிச் செய்வதில்லை. ஒரு கட்டையிலிருந்து அதன் பஞ்சமம், அந்தப் பஞ்சமத்துக்குப் பஞ்சமம் என்று பன்னிரண்டு தடவை போனால் புறப்பட்ட கட்டைக்கே திரும்ப வேண்டும். திரும்பாது. ஒரு நூல் தாண்டி நிற்கும்.

"அப்படி வச்சா ஒரு எடத்துல ஊளையிடுமே சார்" என்றேன்.

"அது ட்யூன் பண்றவனுக்க தப்பு. தெய்வத்துக்க கணக்கில தப்பு வராது."

சுசீலாபாய் கையசைத்து மகளுக்கு விஷயத்தைச் சொன்னாள். அனுஷா மரத்துண்டை வாயிலிருந்து எடுத்தாள். நோட்டைத் திருப்பி எழுதினாள். நான் வாங்கி உரக்கப் படித்தேன்.

"பஞ்சமம் மூன்றால் பெருகும். மேல் ஸ்தாயி இரண்டால் பெருகும். மூன்றை எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை. இரண்டை எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படை. இரண்டும் ஒருநாளும் சந்திக்காது. மூன்றைப் பன்னிரண்டு முறை பெருக்கினால் இந்தப் பக்கம் 531441. இரண்டைப் பத்தொன்பது முறை பெருக்கினால் அந்தப் பக்கம் 524288. மிச்சம் 7153. இது எங்கள் தப்பு இல்லை."

போதகர் முகம் கறுத்தது. "அப்பம் தெய்வத்துக்க சிருஷ்டியில மிச்சம் கெடக்குன்னா இவ பறையுது?"

அனுஷா அவர் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடி எழுதினாள்.

"கிடக்கிறது. அதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை. நாங்கள் அந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமத்துக்கும் பங்கு வைப்போம். ஒவ்வொன்றும் துளி சுமக்கும். யாருக்கும் தெரியாது. நீங்கள் சொல்வதுபோல் பதினொன்றைச் சுத்தமாக வைத்தால் பன்னிரண்டாவது ஒன்றே எல்லாவற்றையும் சுமக்க வேண்டும்."

இதையும் நானே படித்தேன். நல்ல மனுஷனாக இருந்தால் அந்த இடத்தில் "அடடா" என்றிருப்பான். இந்த ஆள் மேடையில் மூன்று வாரம் பேசிவிட்டார், இறங்க முடியாது. எழுந்து வேட்டியை உதறினார்.

"ஊமப் பிள்ள எனக்கு உபதேசம் படிப்பிக்க வேண்டா. நேசமணி அண்ணே, ஆர்கன் நான் பறஞ்ச மாதிரி வரட்டு. லிஸ்டு என் கையிலதான் இருக்கு, இல்லியா? ஓர்மை வச்சுக்கிடுங்கோ."

குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"கண்டியளா சாமி!" சுசீலாபாய்க்குக் குரல் ஏறியது. "ஊமைன்னு பறஞ்சிட்டுப் போறாரு, அவ உதட்ட பாத்துட்டு நிக்கா!"

"மெதுவாட்டு பேசு" என்றார் நேசமணி. "கேட்டிரும்."

"கேக்கட்டு! ஒமக்கு எப்பமும் மெதுவாட்டு. ஒம்பது கொல்லமும் மெதுவாட்டுதானே பேசினீரு, என்ன கிட்டிச்சு?"

"ஏ சுசீலா, அவரு பறஞ்சத செஞ்சு குடுத்திருவோம். ஒரு நாளத்த காரியம். பேராயர் கை வச்சிட்டா பின்ன ஆருக்கும் எடுக்க ஒக்காது. அதுக்குப் பெறவு நாம பழைய மாதிரி மாத்திருவோம்."

அந்த யோசனை எனக்கும் சரியாகத்தான் பட்டது. நானும் தலையாட்டினேன். அனுஷா மட்டும் அப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

மூன்று நாள் வேலை. துடிப்பே இல்லாமல் வைப்பது அவளுக்குச் சுலபம். பல் அசையாமல் நிற்கும்வரை தேய்த்தால் போதும். சனிக்கிழமை போய் வாசித்துப் பார்த்தேன். பொய் சொல்லக் கூடாது, ஒரு கட்டைக்கும் அதன் பஞ்சமத்துக்கும் காது குளிர்ந்தது. நன்றாகச் சேர்ந்த தம்புராவுக்கு நடுவில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. பதினொன்று அப்படி. பன்னிரண்டாவதான 'நாலு கட்டை' சுருதியையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து அழுத்தினேன். நாய் வாலை மிதித்தது போலக் கத்திற்று. வினாடிக்குப் பதினாலு துடிப்பு என்று அனுஷா விரலால் காட்டினாள்.

அவள் அதோடு விடவில்லை. ஒரு அட்டையில் தமிழிலும் மலையாளத்திலும் எழுதினாள்: 'நாலு கட்டையில் பாட வேண்டாம். ஒன்று, இரண்டு, ஐந்து பரவாயில்லை.' ஆர்கனின் நெற்றியில் ஒட்டினாள். பாட்டுக்குழுத் தலைவி எலிசாளைக் கூப்பிட்டுக் காட்டினாள். எலிசாள் கட்டைவிரலை உயர்த்திவிட்டுப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை நானும் போனேன். நேசமணி கூப்பிட்டிருந்தார். கடைசி பெஞ்சில் ஆண்கள் பக்கம் உட்கார்ந்தேன். குங்குமப் பொட்டோடு உட்கார்ந்திருந்த என்னை நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டும். முன்வரிசையில் திடப்படுத்தலுக்கு நிற்கிற பிள்ளைகள் பதினொருவர், கடைசியில் அனுஷா. வெள்ளைச் சேலையில் அவர்களுக்கு அக்கா மாதிரி நின்றாள். கையில் ஒரு மடித்த தாள். விசுவாச அறிக்கையை அவளே எழுதியிருந்தாள். எழுத்து கோணக் கூடாது என்று நாலு தடவை எழுதிக் கிழித்தாளாம், சுசீலாபாய் சொன்னாள்.

ஆர்கனைப் பார்த்தேன். அட்டை இல்லை. ஒட்டின பசையின் அடையாளம் மட்டும் இருந்தது.

அதை யார் கிழித்தார்கள் என்று பிறகு எலிசாளே சொன்னாள். காலையில் போதகர்தான் கிழித்திருக்கிறார். பேராயர் வருகிற நேரத்தில் ஆர்கன்மேல் அட்டை ஒட்டிக் கிடப்பது அசிங்கமாம். எலிசாள், "அப்பம் நாலு கட்டையில பாட வேண்டாமே அச்சா" என்றிருக்கிறாள். "நம்ம பவனிப் பாட்டு எப்பமும் நாலு கட்டைதானே? பெண்ணுங்களுக்கு அதுதான் எட்டும். ஒண்ணும் ஆவாது, பாடுங்கோ" என்றிருக்கிறார்.

மணி அடித்தது. பேராயர் பவனியாக வாசலில் நுழைந்தார். எலிசாள் நாலு கட்டையில் எடுத்தாள். ஆர்கன்காரப் பையன் இரண்டு கையாலும் அழுத்தினான்.

ஐயோ, அந்தச் சத்தம்! கூட்டம் பாதி வரியில் நின்றுபோயிற்று. ஒரு கைக்குழந்தை வீரிட்டது. பையன் பயந்து இன்னும் பலமாக மிதித்தான், ஊளை இன்னும் ஏறிற்று. பேராயர் நடு வழியில் நின்று நெற்றியைச் சுருக்கினார். பின்னால் இருந்த வாலிபர்கள் சிரித்தார்கள். அனுஷாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் முகங்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். ஆர்கனின் நெற்றியைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

போதகர் மைக்கைப் பிடித்தார். வெட்கத்தில் காது சிவந்திருந்தது.

"பேராயர் திருமேனி க்ஷமிக்கணும். காது கேக்காத்த ஒரு பிள்ளையக்கொண்டு சுருதி போட வச்சதுல வந்த குறை. அறியாம போச்சு. இனிமேல் இது நடக்காது."

எனக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. எழுந்தேன்.

"பொய் சொல்லாதேள் சார்! அந்தப் பொண்ணு படிச்சுப் படிச்சு எழுதிக் குடுத்தா. நீங்கதான் வேணும்னேள். அட்டையைக் கிழிச்சது யாரு?"

கமிட்டிக்காரர் ஒருவர் வந்து என் தோளை அமுக்கினார். "சாமி வெளியாளு. இது ஆராதனை. இருங்கோ." நான் நேசமணியைப் பார்த்தேன். இரண்டு பெஞ்சு முன்னால் இருந்தார். ஒரு வார்த்தை, 'ஆமா, அச்சன்தான் செய்யச் சொன்னாரு' என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்றவனே உட்கார்ந்திருக்கும்போது நான் எங்கே நிற்பது? உட்கார்ந்தேன். உட்கார்ந்ததற்கு இன்னும் எனக்கு என்மேல் ஆத்திரம்தான்.

பெயர் கூப்பிட்டார்கள். பதினொரு பெயர். ஒவ்வொருவராக முழங்காலிட்டார்கள், பேராயர் கை வைத்தார். பதினொன்றாவது பெயரோடு போதகர் கையிலிருந்த தாளை மடித்துவிட்டார். அனுஷா நின்றுகொண்டே இருந்தாள். அவர் உதட்டையே பார்த்தாள். அவர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. பேராயர் மட்டும் அவளைப் பார்த்து ஏதோ கேட்டார். போதகர் அவர் காதருகில் ஒரு வரி சொன்னார். பேராயர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலிக்குப் போனார். படித்த மனுஷர், வயதானவர், ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

அனுஷா தாளைச் சேலைக்குள் செருகிக்கொண்டு அம்மாவின் பெஞ்சுக்குத் திரும்பி வந்தாள். அழவில்லை. சுசீலாபாயும் அழவில்லை. அவள் முகத்தை நான் பக்கவாட்டில் பார்த்தேன், எனக்கே பயமாக இருந்தது.

திருவிருந்து ஆரம்பித்தது. ஆண்கள் போய் வந்தார்கள், நேசமணியும் போய் வந்தார். பிறகு பெண்கள். சுசீலாபாய் வரிசையில் போனாள். முழங்காலிட்டாள், கையை ஏந்தினாள், போதகர் அப்பத்தை வைத்தார். மற்றவர்கள் அங்கேயே வாயில் போட்டுக்கொள்வார்கள். இவள் கையை மூடிக்கொண்டு எழுந்தாள். ரசத்துக்கு நிற்கவில்லை. நடுவழியே நடந்து பெஞ்சுக்கு வந்தாள். அந்தச் சின்ன அப்பத்தை இரண்டாக ஒடித்தாள். ஒரு பாதியை மகள் கையில் வைத்தாள்.

"சுசீலாபாய்!" போதகர் மைக் இருப்பதை மறந்து கத்தினார். "எந்தா இது? என்ன காணிக்குது?"

"காணுகியல்லோ?" மைக் இல்லாமலேயே அவள் குரல் கூரை வரை போயிற்று. "எனக்க பிள்ளைக்கு அப்பம் குடுக்கேன். கர்த்தரு பிச்சுப் பிச்சு எல்லாருக்கும் குடுத்ததுதானே? அவரு அண்ணைக்கு ஒருத்தன்கிட்டயாவது வாயத் தெறந்து பறன்னு கேட்டாரா? கேட்டிருந்தா பறையும் நீரு! தப்பு பண்ணினது நீரு. ஏச்சு வாங்கினது எனக்க பிள்ள. தின்னு மவளே."

அனுஷா வாயில் போட்டுக்கொண்டாள். சுசீலாபாய் மறு பாதியைப் போட்டுக்கொண்டாள். இருவரும் எழுந்து வெளியே போனார்கள். ஒருவரும் தடுக்கவில்லை, ஒருவரும் கூடப் போகவுமில்லை. நேசமணி ஆசீர்வாதம் முடியும்வரை உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் வந்தார்.

"ஏன்யா வாயத் திறக்கல?" என்று வாசலில் அவர் சட்டையைப் பிடித்தேன்.

"பேடிச்சுப் போனேன் சாமி" என்றார். "இந்த ஜில்லாவில கோயிலு வேல இல்லேன்னா எனக்கு வேற என்ன வேல? அவருக்கு எல்லா அச்சன்மாரையும் தெரியும்." சட்டையை விட்டேன். நானும் அவரை நம்பித்தான் கடை நடத்துகிறேன்.

வாரத்தின் நடுவில் போதகர் என் கடைக்குப் போன் செய்தார். ஆர்கனைப் பழைய மாதிரி ஆக்கித் தர வேண்டுமாம். கடையில் ஆள் இல்லை என்று வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிகிற நேரத்துக்கு அமரவிளைக்குப் போனேன். நேசமணி, மனைவி, மகள் மூவரும் கோயில் முற்றத்தில் அறிவிப்புப் பலகைமுன் நின்றிருந்தார்கள். சுற்றிலும் ஒரு முப்பது பேர். கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தது: 'சபை ஒழுங்கை மீறியதற்காக சுசீலாபாய்க்கு ஆறு மாதம் திருவிருந்து இல்லை.'

கோயில் ஊழியரான கப்பியார் பக்கத்தில் சாக்பீஸ் டப்பாவோடு நின்றார். சுசீலாபாய் இரண்டு தடவை படித்தாள்.

"ஆறு மாசமா? கணக்கு செரியல்லியே." டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்தாள். முந்தானையால் 'ஆறு மாதம்' என்பதை அழித்தாள். அந்த இடத்தில் 'அனுஷாவைச் சேர்க்கும் வரை' என்று எழுதினாள். "எனக்க மவ கேறாத்த பந்தியில நான் கேறல்ல. அச்சனுக்குப் பறஞ்சிருங்கோ, இது அவரு போட்ட தடை இல்ல, நான் போட்டதாக்கும்."

கப்பியார் டப்பாவை நீட்டினார், சாக்பீஸைத் திரும்பப் போடச் சொல்லி. அவள் போடப் போனாள். நேசமணி அவள் கையைப் பிடித்தார். சாக்பீஸை வாங்கினார். கூட்டத்தில் கமிட்டிக்காரர்கள் இருந்தார்கள், போதகர் வாசற்படியில் அங்கியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நேசமணி முதல் கோடு போடும்போதே சாக்பீஸ் ஒடிந்தது. குனிந்து துண்டைப் பொறுக்கிக்கொண்டு, மனைவியின் பெயருக்குக் கீழே தன் பெயரை எழுதினார்.